தெரு முனை ஆபீஸ் கட்டடம் பிளாட் ஆகிறதாம், கவுன்சிலுக்கு என்ன எழுதினால் எடுபடும்?

முனைவீட்டுக்காரன்:

வணக்கம். வெளிலண்டனில் பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய செமி வீட்டில் ஏழு வருடமாக இருக்கிறோம். தெரு முனையில் எழுபதுகளில் கட்டின மூன்று மாடி ஆபீஸ் ஒன்று. கோவிட்டுக்கு அப்புறம் அதில் நாலு ஜன்னலில் சேர்ந்தாற்போல் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. போன வாரம் பையனை ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது விளக்குக் கம்பத்தில் மஞ்சள் தாள் ஒன்று கட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மழை புகுந்து பாதி எழுத்து கரைந்துவிட்டது, கடைசித் தேதி மட்டும் தெரிந்தது. கவுன்சில் தளத்தில் தேடினால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு விண்ணப்பம். உள்ளே இருக்கிற ஆபீஸை 21 பிளாட்டாக மாற்றுவது ஒன்று, அதற்கு 'பிரையர் அப்ரூவல்' என்று போட்டிருக்கிறது. மேலே இரண்டு மாடி ஏற்றி 9 பிளாட் கட்டுவது இன்னொன்று, அது 'ஃபுல்' பிளானிங்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மாதிரிக் கடிதம் போட்டிருக்கிறார். வீட்டு விலை விழும், வாடகைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, பார்க்கிங் இருக்காது, இந்த ரீதியில் ஒரு பக்கம். அறுபது பேர் அதையே அனுப்பினால் நிறுத்திவிடலாமாம். மாமனாரோ 'எல்லாம் எப்பவோ பேசி முடிச்சிருப்பாங்க, நீ எழுதி என்ன ஆகப் போகுது' என்கிறார். எனக்கு உண்மையான கவலை பின்பக்கப் படுக்கையறைதான், புது மாடி ஜன்னல் நேராக அதைப் பார்க்கும். என்ன எழுதலாம், யாருக்கு எழுதலாம்?

பழையகோப்பு:

ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் சில வருடம் குப்பை கொட்டியவன், எந்தக் கவுன்சில் என்பது வேண்டாம். முதலில் அந்த மாதிரிக் கடிதத்தைத் தூக்கிப் போடுங்கள். அறுபது பேர் ஒரே கடிதத்தை அனுப்பினால் விண்ணப்பத்தைப் பார்க்கும் கவுன்சில் ஆபிசர் தன் அறிக்கையில் '60 கடிதங்கள் வந்தன, காரணங்கள் கீழே' என்று எழுதி எல்லாவற்றையும் நாலு வரியில் அடக்கிவிடுவார். தலையை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் பார்ப்பார்கள். வீட்டு விலை என்பது பிளானிங் சட்டத்தில் காரணமே கிடையாது, உங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிற காட்சி மறைவதும் அப்படித்தான். யார் குடி வருவார்கள் என்பதை எழுதவே எழுதாதீர்கள். பல கவுன்சில்களில் கடிதம் உங்கள் பெயர், முகவரியோடு தளத்தில் ஏறும், அதை மொத்தத் தெருவும் படிக்கும். தவறாக எழுதினால் கடிதத்தையே தூக்கியும் விடுவார்கள்.

இரண்டு விண்ணப்பமும் வேறு வேறு ஜாதி, இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கிலாந்தில் ஆபீஸை வீடாக்க முழு அனுமதி தேவையில்லை, 'பிரையர் அப்ரூவல்' என்ற முன் ஒப்புதல் போதும் என்று 2013-லேயே தொடங்கினார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 'கிளாஸ் எம்ஏ' என்ற விதி 2021 ஆகஸ்டில் வந்தது. முதலில் 1,500 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், மூன்று மாதம் காலியாகக் கிடக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது, 2024 மார்ச்சில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆக 21 பிளாட் விஷயத்தில், அங்கே வீடு வரலாமா கூடாதா என்று கவுன்சில் கேட்கவே முடியாது. போக்குவரத்து, வெள்ளம், மண்ணில் நஞ்சு, பக்கத்துக் கடைகளின் சத்தம், அறைகளுக்கு இயற்கை வெளிச்சம், இப்படி ஒரு குறுகிய பட்டியலுக்குள்தான் பார்க்கலாம். 56 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பித்தவர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கலாம். பார்க்கிங் பற்றி எழுதுவதென்றால் போக்குவரத்துத் தலைப்பில், எந்த நேரத்தில் தெருவில் எத்தனை இடம் காலி என்று எண்ணி எழுதுங்கள். 'பார்க்கிங் இருக்காது' என்று மொட்டையாக எழுதினால் அது புலம்பல்.

மேல்மாடி விண்ணப்பம்தான் உங்கள் களம். அதில் கவுன்சிலின் கை கட்டப்படவில்லை. அங்கிருந்து உங்கள் வீட்டுக்குள் பார்வை விழுவது, வெளிச்சம் மறைவது, உயரம் தெருவுக்குப் பொருந்தாமல் போவது எல்லாமே செல்லுபடியாகும். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே 18 முதல் 21 மீட்டர் இருக்க வேண்டும் என்று பல கவுன்சில்களின் வழிகாட்டியில் இருக்கும், ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இறக்கி அளந்து பாருங்கள், ஸ்கேல் அதிலேயே போட்டிருக்கும். 9 பிளாட் என்று நிறுத்தியதிலும் கணக்கு இருக்கிறது. பத்து வீடு ஆனால் 'மேஜர்' ஆகிவிடும், மலிவு வீடு எத்தனை தருகிறாய் என்ற கேள்வி வரும். 21 பிளாட்டில் அந்தக் கேள்வி எப்படியும் கிடையாது.

கதவு எண் இரண்டு:

நான் அப்படி மாற்றின ஆபீஸில்தான் குடியிருக்கிறேன், 2019-லிருந்து. அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். எங்கள் பிளாட் முன்னாடி மீட்டிங் ரூமாக இருந்திருக்க வேண்டும், ஹால் நடுவில் தரையில் போன் வயர் வருகிற பித்தளை மூடி இன்னும் இருக்கிறது, அதன் மேல்தான் ஊஞ்சல் ஸ்டாண்ட். ஜன்னல் உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காது. ஜூலையில் இரவு பதினோரு மணிக்கும் சுவர் சுடும். தோசை வார்த்தால் லிஃப்ட் வரைக்கும் மணக்கும், வெளியே போகிற வழிதான் இல்லையே. எங்கள் படுக்கையறைக்கு ஜன்னலே கிடையாது, ஹாலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான்.

2020-இல் அரசாங்கமே ஒரு பல்கலைக்கழகக் குழுவை வைத்து ஆய்வு செய்தது. இப்படி மாற்றின வீடுகளில் நூற்றுக்கு 22தான் தேசிய இட அளவுக்குத் தேறின, முழு அனுமதி வாங்கினவற்றில் 73. ஹார்லோ என்ற ஊரில் டெர்மினஸ் ஹவுஸ் என்ற 14 மாடி ஆபீஸை 200 பிளாட்டுக்கு மேல் பிரித்ததெல்லாம் டிவியில் வந்து நாறிய கதை. அதன் பிறகுதான் வெளிச்சம் கட்டாயம் என்றார்கள், 2021 ஏப்ரலிலிருந்து ஒரு ஆள் இருக்கிற பிளாட்டுக்கு 37 சதுர மீட்டர் என்ற குறைந்தபட்ச அளவும் வந்தது. எங்களுக்கு லேட். அதனால் நீங்கள் அந்த 21 பிளாட்டின் தளவரைபடத்தைப் பாருங்கள் அண்ணா. ஜன்னல் இல்லாத 'ஸ்டடி' என்று ஏதாவது இருக்கும், அதில் கட்டில் போடப் போகிறார்கள் என்பது வரைந்தவருக்கும் தெரியும். அதை எழுதுங்கள், வரப்போகிற குடும்பத்துக்காவது உதவும்.

வல்லைவெளி:

தம்பி, குறை நினைக்காதையுங்கோ. இங்கே வீடு இல்லாமல் ஹோட்டல் அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற எங்கட சனத்தை எனக்குத் தெரியும், ஒரு கேத்திலில் சோறு அவிக்கிற ஆட்கள். காலியாகக் கிடக்கிற ஆபீஸில் வீடு வந்தால் எனக்குச் சந்தோசம்தான். எல்லாருக்கும் வீடு வேணும், ஆனால் எங்கட றோட்டில் வேண்டாம் என்று சொல்லுறதில் நானும் ஒருகாலம் இருந்தனான், அதாலதான் சொல்லுறன்.

எங்கட பக்கம் நாலு மாடிக் கட்டடம் ஒன்று வந்தபோது வட்டாரக் கவுன்சிலரைப் பிடித்து, கவுன்சிலர்மார் இருந்து முடிவெடுக்கிற பிளானிங் கமிட்டிக்குக் கொண்டுபோனோம். எங்களுக்காகப் பேச ஒரே ஒரு ஆளுக்கு மூன்று நிமிசம். மேசையில் சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் எழுதிக்கொண்டு போனதில் பாதி வாசிக்க முதலே மஞ்சள் வந்துவிட்டது. ஆபிசர் 'அனுமதிக்கலாம்' என்றுதான் அறிக்கை வைத்திருந்தார், சனம் நிறைந்திருந்ததைப் பார்த்தோ என்னவோ கவுன்சிலர்மார் 'பகுதியின் தன்மைக்கு ஒவ்வாது' என்று நிராகரித்தார்கள். கைதட்டி, வீட்டுக்கு வந்து வடை சுட்டுக் கொண்டாடினோம். எட்டு மாதத்தில் அப்பீலில் அவன் வென்றான். நிராகரிக்கச் சரியான காரணம் காட்டேல்லை என்று அவனுடைய செலவையும் கவுன்சில் கட்ட வேண்டி வந்தது, அதாவது எங்கட வரிக்காசு. கட்டடம் நிற்குது. முதலே உயரத்தைக் குறைக்கக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று பிறகு ஒரு ஆபிசர் கதைத்தார்.

முனைவீட்டுக்காரன்:

அக்கா, குறை ஒன்றும் இல்லை, வடை கதை நன்றாகவே உறைத்தது. நேற்று அளந்தேன். அவர்கள் மூன்றாவது மாடிக்கு மேலே போடுகிற ஹால் ஜன்னலுக்கும் எங்கள் பின்பக்க அறைக்கும் 13 மீட்டர். அவர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் நாங்கள் அப்பீல் போகலாமா? மாமனார் கேட்கச் சொன்னார்.

பழையகோப்பு:

முடியாது. அப்பீல் விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான், நிராகரித்தால் ஆறு மாதத்துக்குள் போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிற ஒரே வழி ஹைகோர்ட், அதுவும் ஆறு வாரத்துக்குள், அதுவும் கவுன்சில் சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்க்கும், முடிவு நல்லதா கெட்டதா என்று பார்க்காது. வீட்டை விற்றுத்தான் வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கருத்து எழுதக் கொடுத்திருக்கிற இந்த 21 நாள்தான் உங்கள் கையில் இருப்பது.

13 மீட்டர் என்ற எண் போதும். அதை முதல் வரியில் எழுதுங்கள், கவுன்சில் வழிகாட்டியின் பத்தி எண்ணையும் சேருங்கள், உங்கள் அறையிலிருந்து எடுத்த ஒரு போட்டோ. நிராகரியுங்கள் என்று மட்டும் சொல்லாமல், அனுமதிப்பதானால் என்ன மாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். ஆபிசர்கள் அதைத்தான் விரும்புவார்கள், அவர்கள் மேசையில் நாற்பது கோப்பு இருக்கும். மாமனாரிடம் சொல்லுங்கள், பேசி முடிப்பது இருக்கிறதுதான். விண்ணப்பிக்கும் முன் கவுன்சிலிடம் ஆலோசனை கேட்பது, அதற்கு 'பிரீ-அப்ளிகேஷன்' என்று பெயர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு, ரசீதும் கொடுத்துவிடுவார்கள்.

முனைவீட்டுக்காரன்:

பத்து வாரம் கழித்து வருகிறேன், யாருக்காவது பயன்படும். 21 பிளாட்டுக்கு அனுமதி வந்துவிட்டது, இரண்டு 'ஸ்டடி' அறைகளை மட்டும் எடுக்க வைத்தார்கள், அதில் ஒரு பிளாட் குறைந்து இப்போது 20. மேல்மாடி கமிட்டிக்கே போகவில்லை, ஆபிசர் அளவிலேயே முடிந்தது. வரைபடத்தைத் திருத்தி, ஐந்தாவது மாடியைப் பின்னால் தள்ளி, எங்கள் பக்க ஜன்னல்களுக்கு அந்தந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை மங்கல் கண்ணாடி, திறக்கவும் கூடாது என்று நிபந்தனை போட்டு அனுமதித்தார்கள். அறிக்கையில் அந்த 13 மீட்டர் அப்படியே இருக்கிறது. அறுபது கடிதத்துக்கு இரண்டரை வரி.

பார்க்கிங்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சைக்கிள் நிறுத்த 40 இடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கதவு எண் இரண்டு, உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் திறக்காத ஜன்னல் உள்ள அறைக்குக் காற்று எப்படி வரும் என்று ஒரு கேள்வியும் சேர்த்து எழுதினேன். அதற்குப் பதில், அது கட்டட விதிகளைச் சரிபார்க்கிற 'பில்டிங் கண்ட்ரோல்' பார்க்கும் விஷயம், பிளானிங்கில் வராது.

கதவு எண் இரண்டு:

எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள் அண்ணா.