‘முடிச்சிட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

தெப்பக்குளம்:

போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஹோட்டல் பெயர் வேண்டாம். நம்ம மதுரையில் ‘ஃபைன் டைனிங்’ என்று போர்டு வைத்திருப்பதே நாலைந்துதான், போனவர்களுக்குப் புரியும்.

அப்பாவுக்கு எழுபது வயது முடிந்தது. விசேஷம், பந்தி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி, குடும்பமாக ஒரு நல்ல இடத்தில் சாப்பிடுவோம் என்று ஏழரைக்கு டேபிள் சொல்லி வைத்தேன். பாதி டேபிள் காலியாகக் கிடக்க, எட்டு பத்துக்குத்தான் உட்காரவைத்தார்கள். அது போகட்டும். சூப்பு ஆறியிருந்தது, அதுவும் போகட்டும்.

மெனுவைப் பார்த்து அப்பா, “இந்த லாம்ப் ஷாங்க்னா என்ன?” என்றார். “நல்லி எலும்புக் கறிப்பா” என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. வந்தது. பேத்தி சொல்லிக்கொடுத்தபடி முள்கரண்டியும் ஸ்பூனுமாக அரை மணி நேரம் மெதுவாகக் கறியைப் பிய்த்துச் சாப்பிட்டார். மிச்சம் எலும்பு மட்டும். ஸ்பூனையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், துணியில் விரலைத் துடைத்தார், சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தார். இனிமேல்தான் சாப்பாடே என்பது போல என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. திரும்பினால் தட்டு இல்லை. சர்வர் பையன் எடுத்துக்கொண்டு நாலு எட்டு போய்விட்டான். அப்பா கை மேஜைக்கு மேலே அப்படியே நிற்கிறது. “ஏம்ப்பா, நல்லி...” என்றார், அதுவும் சத்தமில்லாமல்.

பையனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எழுந்து கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து டேபிளில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எலும்புக்காகக் கூப்பிடுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் என் கதை.

திருநகர்:

வருத்தமான விஷயம்தான், ஆனால் பையன் மேல் தப்பு சொல்ல முடியாது. ஸ்பூனையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தால் ‘முடிந்தது, எடுத்துக்கொள்’ என்று அர்த்தம். மேல்நாட்டுச் சாப்பாட்டு முறையில் அதுதான் வழக்கம். இன்னும் சாப்பிடப் போகிறோம் என்றால் தலைகீழ் ‘வி’ மாதிரி விரித்து வைக்கவேண்டும். நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்துப் போகிறவர்கள் இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. யூடியூபில் பத்து நிமிட வீடியோ நிறைய இருக்கிறது. நாப்கினை எங்கே போடுவது, எந்தக் கிளாஸில் தண்ணீர், பிரெட்டைக் கடிக்காமல் பிய்த்துத்தான் சாப்பிடவேண்டும், இதெல்லாம் ஒரு தடவை கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போனால் கூச்சம் இருக்காது.

என் அனுபவம் என்றால், போன தீபாவளிக்கு அதே மாதிரி ஒரு இடத்தில் பிரியாணி உப்பே இல்லாமல் வந்தது. உப்பு கேட்டால் “செஃப் ரெகமண்ட் பண்ணல சார்” என்றார்கள். அவ்வளவுதான்.

அனுப்பானடி அக்கா:

திருநகர் தம்பி, எழுபது வயது மனுஷன் யூடியூப் பார்த்துவிட்டா நல்லி சாப்பிடப் போகணும்?

என் கதை சின்னது. மகளோடு போனேன். நான் தமிழில் கேட்கிறேன், ஆர்டர் எடுக்கிற கேப்டன் இங்கிலீஷில் பதில் சொல்கிறார். “இதுல காரம் எப்படிப்பா இருக்கும்?” என்றால் “இட்ஸ் மைல்ட்லி ஸ்பைஸ்ட் மேம்.” வெளியூர்க்காரர் போல, தமிழ் தெரியாது என்று நினைத்து மகளை விட்டு எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். கடைசியில் கை கழுவப் போகிறேன், அந்த மறைப்புக்குப் பின்னால் அதே ஆள் போனில், “ஆமாத்தா, சாப்ட்டேன், நாளைக்குச் சோழவந்தான் வந்துர்றேன்” என்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கு! எனக்குத்தான் பாவமாகிவிட்டது. மேலிடத்து உத்தரவாக இருக்கும்.

ஜிகர்தண்டா வேறு வாங்கினோம், 380 ரூபாய். ஐந்து கிண்ணத்தில் பால் தனி, நன்னாரி தனி, பாதாம் பிசின் தனி, ஐஸ்கிரீம் தனி, பாசுந்தி மாதிரி ஏதோ ஒன்று தனி. நாமே கலந்துகொள்ளணுமாம். பிசினை ராத்திரியே ஊறவைக்கவில்லை, நடுவில் கல்லாகக் கடித்தது. விளக்குத்தூண் பக்கம் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் செய்கிற வேலையை என்னைச் செய்யச் சொல்லி அதற்குக் காசும் வாங்கிவிட்டார்கள்.

மேலூர்க்காரன்:

அக்கா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். என்னுடையது அயிரை மீன்.

நம்ம பக்கம் அயிரை எப்படிச் செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் திருநகர் மாதிரி முறை பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மீனை உயிரோடு வாங்கவேண்டும். கண்மாய்ச் சேற்றில் கிடந்த மீன், வயிறு முழுக்க மண். தேங்காய்ப்பாலில் விட்டால் பாலைக் குடித்து மண்ணைக் கக்கும். அப்புறம் மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு, வழவழப்பு போய்த் தண்ணீர் தெளியும்வரை உரசி உரசி அலசவேண்டும். எங்கள் அம்மாச்சி ஏழு தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்தது. குழம்பு கொதித்து மீனைப் போட்டபிறகு கரண்டி விடக்கூடாது, சட்டியைத் துணியோடு பிடித்து ஒரு ஆட்டு ஆட்டவேண்டும். இல்லாவிட்டால் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மீன் கரைந்து குழம்போடு போய்விடும்.

இவர்கள் மெனுவில் ‘வைகை அயிரை, கோகனட் ஏர்’ என்று போட்டிருந்தது. 890 ரூபாய். சென்னையிலிருந்து வந்த மச்சானுக்கு ஊர்ப் பெருமையைக் காட்டலாம் என்று நானே ஆர்டர் சொன்னேன். கருங்கல் பலகை மேலே ஏழு மீன். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். வரிசையாகப் படுக்கவைத்து, மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஒன்று. குழம்பு இரண்டு சொட்டு, பொட்டு வைத்த மாதிரி. மச்சான் ஒன்றை வாயில் போட்டார். நறநற என்று சத்தம் எனக்கே கேட்டது. மண்!

பையனைக் கூப்பிட்டு, “தம்பி, மீன் கழுவல, மண்ணு கடிக்குது” என்றேன். உள்ளே போய்விட்டு வந்து சொன்னான் பாருங்கள்: “சார், அது கிரம்பிள், மேலே தூவுற தூள். டெக்ஸ்சருக்காக செஃப் போட்டது.”

மண்ணுக்குப் பெயர் டெக்ஸ்சர்! இப்போது எங்கள் வீட்டில் அரிசியில் கல் கிடந்தால் மச்சான் அதைத்தான் சொல்கிறார்.

உசிலை:

எல்லோரும் சாப்பாட்டைச் சொல்கிறீர்கள், யாரும் பில்லைப் பார்ப்பதில்லை. சாப்பாடு 4,600 ரூபாய். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 460. இரண்டையும் கூட்டி 5,060க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 253. மொத்தம் 5,313. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னேன். மேனேஜர் வந்து டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, “சர்வீஸ்ல என்ன சார் குறை கண்டீங்க?” என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. என் வீட்டுக்காரம்மா காலை மிதித்தார். கட்டிவிட்டு வந்தேன்.

இதுதான் தந்திரம், தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. பலபேர் பழைய சர்வீஸ் டாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு கட்டுகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே வழிகாட்டுதல் போட்டுவிட்டது: பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, தரமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக்கூடாது, அதையும் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய்ப் பார்த்தன. 2025 மார்ச் 28ஆம் தேதி தீர்ப்பில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்க மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து 1915க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். போனை எடுத்தாலே பாதிப் பேர் இறங்கிவருவார்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருந்தால் ரூம் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரெண்டா என்று கேளுங்கள். தனியாக நிற்கிற ரெஸ்டாரெண்ட் என்றால் 5தான். முடிந்தால் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். 20 ரூபாய் பாட்டிலுக்கு 90 போட்டார்கள். எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா வாங்கினால் கேஸ் போடலாம்.

திருநகர்:

உசிலை, மிதி வாங்கிக் கட்டிவிட்டு வந்த நீங்கள் எங்களுக்கு 1915 சொல்கிறீர்கள்.

பழைய கேப்டன்:

சென்னையிலும் கொச்சியிலும் பெரிய ஹோட்டல்களில் 14 வருஷம் தட்டு தூக்கியவன். இப்போது ஊரில் சொந்தக்கடை, இட்லியும் குடல் குழம்பும்.

உசிலை அண்ணே, சர்வீஸ் சார்ஜ் பற்றிச் சொன்னது சரி. தண்ணீர் பாட்டில் தப்பு. ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கிற தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே விற்பது பாட்டில் மட்டும் இல்லை, இடமும் சேவையும் சேர்ந்தது என்று. ஆகவே “சாதாத் தண்ணி கொடுப்பா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொண்டுவந்த பாட்டிலைத் திறக்கவிட்டால் போச்சு.

தெப்பக்குளம் தம்பிக்குத்தான் எழுத வந்தேன். திருநகர் சொன்ன ஸ்பூன் பாஷை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சர்வருக்கு ஒரு குறிப்புதான், உத்தரவு இல்லை. எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது: டேபிளில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை யார் தட்டையும் எடுக்காதே. எடுக்கிறபோது ஒரு வார்த்தை கேள். ஒருத்தர் தட்டை மட்டும் முன்னாடி எடுத்தால், மற்றவர்களை ‘சீக்கிரம் எழுந்திரு’ என்று விரட்டுகிற மாதிரி. அப்பா சாப்பிட்டபோது நீங்கள் எல்லோரும் முடித்திருந்தீர்களா?

இன்னொன்று. எலும்போடு கறி போகிற டேபிளுக்கு எலும்பு போட ஒரு தனித் தட்டு, விரல் நனைக்க எலுமிச்சை போட்ட வெதுவெதுப்பான தண்ணீர், நல்லியைச் சுரண்ட நீளக் காம்பு வைத்த சின்னக் கரண்டி, இந்த மூன்றும் முன்னாடியே போயிருக்கவேண்டும். வைத்திருந்தால் எலும்பும் சாப்பாடுதான் என்று பையனுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அதை வைக்காதது கேப்டன் தப்பு, பையன் தப்பு இல்லை. ஒன்பது மணிக்கு அடுத்த கூட்டம் என்றால் எட்டே முக்காலுக்கே பின்னாலிருந்து ‘கிளியர் பண்ணு, கிளியர் பண்ணு’ என்று கண்ணைக் காட்டுவார்கள். உங்களை நாற்பது நிமிஷம் லேட்டாக உட்காரவைத்துவிட்டு, அந்த நாற்பது நிமிஷத்தை அப்பா தட்டில் பிடித்திருக்கிறார்கள். நானே செய்திருக்கிறேன். ஒரு அம்மாவின் தட்டிலிருந்து, கடைசியில் சாப்பிடலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த வஞ்சிர மீன் தலையைத் தூக்கியிருக்கிறேன். அந்த அம்மா அடுக்களை வாசல்வரை பின்னாடியே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மேலூர்க்காரன்:

அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டணும்.

தெப்பக்குளம் அண்ணே, மண்ணு கடித்த அயிரைக்கு எனக்கு முழுக் காசு போட்டார்கள். உங்களுக்கு எப்படி? பாதி சாப்பிட்ட நல்லிக்கு எவ்வளவு?

தெப்பக்குளம்:

கேப்டன் அண்ணே, இல்லை. என் மகள் இன்னும் பாதி பாஸ்தாவில் இருந்தாள். எலுமிச்சைத் தண்ணீர் வந்தது, ஆனால் பில்லோடு வந்தது.

மேலூர், முழுசாகத்தான். ‘லாம்ப் ஷாங்க், 1, 1150.00’. சர்வீஸ் சார்ஜும் கட்டினேன், கேட்கவே இல்லை. உசிலை அண்ணனாவது கேட்டுவிட்டுக் கட்டினார்.

அப்பா வீடு வரும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஏசி நல்லா இருந்துச்சு, பேத்தி அழகா ஆர்டர் சொன்னா என்றெல்லாம். தெப்பக்குளம் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த எலும்ப நாய்க்காவது போடுவானுகளா?”

பழைய கேப்டன்:

நான் இருந்த இடங்களில் டிரம்மில்தான் போகும் தம்பி. காலையில் பன்றிப் பண்ணைக்கு எடுத்துப்போக வண்டி வரும்.