புதுப்பிப்பு: எமரால்டு ஏரியில் ட்ரவுட் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, பவானி ஆற்றில் ஜிலேபி மீனுக்குப் போடும் ராகி மாவு உருண்டையை நீலகிரி மலை ஏரியில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் எடுக்குமா என்று. போய் வந்துவிட்டோம், எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் முழுக்க மாவு கரைந்ததுதான் மிச்சம்.

கோபியிலிருந்து நான், மச்சான், பெரியப்பா மூவரும் மேட்டுப்பாளையம் வழியாக ஏறி, எமரால்டு பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் போட்டோம். ராத்திரி சரியான குளிர், அரிசியும் பருப்புஞ்சோற்றில் நெய் ஊற்றிச் சுடச்சுடச் சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது.

ஞாயிறு விடிகாலையில், பதிலில் நீங்கள் சொன்ன மாதிரியே ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில் ஸ்பின்னரை (தண்ணீரில் சுழலும் தகடு வைத்த தூண்டில்) வீசி மெதுவாக ரீலைச் சுற்றினேன், மூன்றாவது வீச்சிலேயே இழுத்துவிட்டது. ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் விலாவில் ஓடும் அந்த ரோஜா நிறப் பட்டையும் முதுகெல்லாம் கறுப்புப் புள்ளியும்! 1907-ல் வில்சன் என்ற வெள்ளைக்காரர் பக்கத்து அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வைத்த காலத்திலிருந்து இங்கே வளரும் மீன்.

"தண்ணிக்குள்ளயே வச்சு விட்ரு சாமி" என்றார் பெரியப்பா. விட்டுவிட்டேன். அப்புறம் வெயில் ஏறியதும் ஒன்றும் கடிக்கவில்லை, குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும் போல. போகிறவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு விடியும் முன்பே கரையில் நில்லுங்கள்.