1000 டொலருக்குள் 900 மீற்றருக்கான ஸ்கோப்: பெரிய எண் வேண்டுமா?

புதுத்தோட்டா (ஒட்டாவா)

எஃப்-கிளாஸ் போட்டியில் (படுத்துக்கொண்டு ஸ்கோப் வைத்துத் தொலைதூர இலக்கைச் சுடுவது) எஃப்-டி.ஆர். பிரிவில் இறங்கலாம் என்று இருக்கிறேன். .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் அதை முன்னால் தாங்கும் இரட்டைக்கால் பைபாடும் தயார். ஸ்கோப்தான் மிச்சம். கையில் 1000 கனடிய டொலர் இருக்கிறது. கொனாட் மைதானத்தில் 900 மீற்றர் வரை சுட வேண்டும். அத்லான் ஆர்கோஸ் 8-34×56 (8 முதல் 34 மடங்கு பெருக்கம், 56 மி.மீ. முன்வில்லை) இந்தக் காசுக்குள் புதிதாகவே கிடைக்கிறது. கிளப்பில் ஒரு பெரியவர் 24 மடங்குக்கு மேல் தேவையே இல்லை என்கிறார். பக்கத்தில் படுத்துச் சுட்டவர் 40-க்குக் கீழே தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

காற்றுக்கொடி (பிஸ்லி, இங்கிலாந்து)

பெரியவர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி.

முதலில் இலக்கைப் பாருங்கள். 900 மீட்டர் எஃப்-கிளாஸ் பலகையில் ஐந்து புள்ளி வளையம் 255 மி.மீ., அதற்குள் இருக்கும் வி-புல் 127 மி.மீ. ஒரு எம்.ஓ.ஏ., அதாவது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு, அந்தத் தூரத்தில் 262 மி.மீ. ஆக வி-புல் என்பது அரை எம்.ஓ.ஏ. வட்டம்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். 50 மி.மீ. முன்வில்லை எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் 900 மீட்டரில் சுமார் 10 மி.மீ.க்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது. அது ஒளியின் இயல்பு, கம்பெனியின் குறை இல்லை. நல்ல கண் ஒரு எம்.ஓ.ஏ. அளவைப் பிரித்தறியும். அதை 24 மடங்காக்கினால் 11 மி.மீ. வந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் அதே படம் பெரிதாகும், புது விவரம் எதுவும் வராது. போதாக்குறைக்கு வெளிச்சம் குறையும். 56-ஐ 34-ஆல் வகுத்தால் 1.6 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை அவ்வளவு ஒல்லி. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கறுக்கும்.

துளையைப் பார்க்க வேண்டாமா என்று யோசிக்காதீர்கள். 8 மி.மீ. கூட இல்லாத துளை அங்கே யாருக்கும் தெரியாது. இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர்கள் துளையில் தட்டு செருகிப் பலகையை உயர்த்துவார்கள். மின்னணு இலக்கானால் பக்கத்துத் திரையில் புள்ளி விழும்.

பிரிஸ்பேன்காரன்

காற்றுக்கொடி சொல்லும் ஒளிக் கணக்கு சரி. அதிலிருந்து அவர் வரும் முடிவுதான் சரியில்லை. கண்ணின் எல்லையில் நிற்கும் ஒன்றை வெடிக்கு வெடி உற்றுப் பார்த்துச் சுட்டால் கண் களைத்துப் போகும். அதே விவரத்தை இரண்டு பங்கு பெரிதாகக் காட்டினால் சிரமமில்லாமல் பார்க்கலாம். படிக்க முடிகிற எழுத்துக்கும் வசதியாகப் படிக்கிற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எஃப்-கிளாஸில் மேல்மட்டத்தில் சுடுபவர்கள் ரைஃபிளில் என்ன இருக்கிறது? நைட்ஃபோர்ஸ் 15-55×52, மார்ச் 10-60×52, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60×52. எல்லாரும் விவரம் தெரியாமலா வாங்குகிறார்கள்?

இன்னொன்று. இங்கே பெல்மாண்டில் கோடையில் தரையிலிருந்து கானல் கொதிக்கும். அந்தக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது செங்குத்தாக எழுகிறது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிட்டுச் சுடுகிறேன். மணிக்கு ஒரு மைல் காற்றைத் தப்பாகக் கணித்தாலே .308 குண்டு 900 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் விலகும். காற்றைக் காட்டுகிற எதையும் நான் விடமாட்டேன்.

காற்றுக்கொடி

கானலைப் படிக்க ஸ்பாட்டிங் ஸ்கோப் (பக்கத்தில் தனியாக நிறுத்தும் தொலைநோக்கி) இருக்கிறது. அதை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்து வைத்தால் ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரியும். ரைஃபிள் ஸ்கோப்பில் 40 மடங்கு கானலைப் பார்த்துக்கொண்டே வளையத்தின் நடுவைத் தேடுவது கண்ணுக்கு வீண் வேலை. நீங்கள் சொன்ன மூன்று ஸ்கோப்பும் தம்பியின் பணத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு விலை. அந்தக் கண்ணாடி 50 மடங்கிலும் தாங்கும். மலிவு ஸ்கோப் மேல்கோடிக்குப் போகும்போது ஓரத்தில் ஊதா நிறம் பிரியும், கறுப்பு வட்டம் சாம்பலாகும். 34 என்று பெட்டியில் போட்டிருக்கும், நீங்கள் 25-லேயே நிறுத்திச் சுடுவீர்கள்.

1000 டாலரில் பெரிய எண்ணை வாங்கினால் உள்ளே இருக்கும் இயந்திர வேலையில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். 100 மீட்டரில் நீளமான தாளில் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துக் கோடு போடுங்கள். சுட்டுவிட்டு டரட்டில் (குறியை ஏற்றி இறக்கும் திருகு) 30 எம்.ஓ.ஏ. ஏற்றி மறுபடி சுடுங்கள். இடைவெளி 873 மி.மீ. வர வேண்டும். 855 வந்தால் இரண்டு சதவீதப் பிழை. 900 மீட்டரில் அது 160 மி.மீ., ஐந்து வளையத்துக்கு வெளியே.

பிரிஸ்பேன்காரன்

அது வேட்டைக்காரருக்கும் ராணுவத்துக்கும் பொருந்தும் கணக்கு. அவர்களுக்கு முதல் குண்டே பட வேண்டும். நமக்கு ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்க்க இரண்டு வெடி கொடுக்கிறார்கள். 160 மி.மீ. தாழ்ந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் எண்ணிக்கை ஆரம்பிக்கிறது. பிழை எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் நம் போட்டியில் அது பிழையே இல்லை. குறுக்கிழை அதிர்வில் நகராமல் நின்றால் போதும்.

ராஜி (கல்கரி)

இருவரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கேட்ட ஸ்கோப்பில் வேறு விஷயம் இருக்கிறது. ஆர்கோஸ் 8-34 முதல் குவியத் தளத்தில் குறுக்கிழை வைத்தது. பெருக்கத்தைக் கூட்டினால் இழையும் சேர்ந்து தடிக்கும். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிகளுக்கு அது அருமையான வசதி. நமக்குத் தூரம் அளந்து வைத்தது. இரண்டாம் தளத்தில் இழை அப்படியே மெல்லியதாக நிற்கும், இலக்கு மட்டும் வளரும். வி-புல்லுக்குள் ஒரு சின்னப் புள்ளியை நிறுத்த அதுதான் தோது.

அடுத்தது கிளிக், அதாவது டரட்டை ஒரு படி திருகினால் குறி நகரும் அளவு. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 900 மீற்றரில் 65 மி.மீ., அதாவது பாதி வி-புல். எட்டில் ஒரு பங்கு கிளிக் என்றால் 33 மி.மீ. வெடிக்கு வெடி காற்றுக்குத் திருகுபவருக்கு இது பெரிய வேறுபாடு. பிரிஸ்பேன் அண்ணா சொல்வது போலப் பிழை ஒரே மாதிரி இருந்தால் சரிதான். ஆனால் மலிவு டரட்டில் வருவது அப்படிப்பட்ட பிழை இல்லை. இரண்டு கிளிக் திருகினால் ஒன்றும் நகராது, மூன்றாவதில் மொத்தமாக நகரும். அதைச் சரிபார்ப்பு வெடியில் கண்டுபிடிக்க முடியாது.

என் யோசனை: சைட்ரான் எஸ்-3 8-32×56. ஜப்பான் தயாரிப்பு, 30 மி.மீ. குழாய், எடை 700 கிராம் அளவு. ரைஃபிள், பைபாட், ஸ்கோப் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதால் எடையும் முக்கியம். புதிதாக வாங்கினால் உங்கள் காசைத் தாண்டும். செகண்ட் ஹேண்டில், இரண்டாம் தள இழையோடு தேடுங்கள்.

புதுத்தோட்டா

நன்றி அக்கா. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது? ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டும் ரயில் சாதாரணமானதே போதுமா?

காற்றுக்கொடி

20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள ரயில் போடுங்கள். 100-லிருந்து 900-க்குப் போக .308-க்கு 30 எம்.ஓ.ஏ.க்கு மேல் வேண்டும். மொத்தம் 60 இருக்கும் ஸ்கோப்பில் மேல்பக்கம் பாதிதான் கிடைக்கும். சரிவு ரயில் போட்டால் அது 50 ஆகிவிடும். வாங்குவதற்கு முன் ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஃபோகஸ் சக்கரத்தை எங்கே வைத்தாலும் இழை இலக்கின் மேல் ஊர்ந்தால் பேரலாக்ஸ் கெட்டுவிட்டது, விட்டுவிடுங்கள். சைட்ரான் நல்ல தேர்வு, அதை மறுக்கவில்லை. 32-ல் வைத்துச் சுடும் நாள் குறைவு என்பதில் மாற்றமில்லை.

பிரிஸ்பேன்காரன்

காலை முதல் சுற்றில் காற்று தெளிவாக இருக்கும்போது 32-ல் வைத்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். வெயில் ஏறியதும் இறக்கிக்கொள்ளலாம். 24-ல் முடியும் ஸ்கோப்பில் ஏற்றிக்கொள்ள வழியில்லை.

ராஜி

தம்பி, ரசமட்டத்துக்கு ஐம்பது அறுபது டொலரை ஒதுக்கி வையுங்கள். 30 எம்.ஓ.ஏ. ஏற்றிய ரைஃபிள் ஒரு பாகை சாய்ந்தால் குண்டு பக்கவாட்டில் அரை எம்.ஓ.ஏ. போகும், 900 மீற்றரில் 137 மி.மீ. வெடிக்கு வெடி சாய்வு மாறினால் அதைக் காற்று என்று நினைத்துத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். குழாயில் மாட்டும் சின்ன ரசமட்டம் போதும். இடது கண்ணைத் திறந்தால் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள்.