புதுப்பிப்பு: ஊத மறுத்தால் என்ன ஆகும்?

குடிபோதை வாகனச் சோதனை பற்றிய என் முந்தைய பதிவில், ‘மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதாமல் இருந்துவிட்டால் ஆதாரமே இல்லையே’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்படி நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 203-ஆம் பிரிவின்படி, குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால், சீருடையில் உள்ள காவலர் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனில் 204-ஆம் பிரிவின்படி ரத்த மாதிரி தரச் சொல்லலாம். தகுந்த காரணமில்லாத மறுப்பு, 205-ஆம் பிரிவின்படி அரசுத் தரப்புக்கே பலம்.

ஆனால் போலீசுக்கும் கெடு உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. எனவே கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பிலும் அதே நேரம்தானா என்று பாருங்கள்.

ஊதும்போது புதுக் குழாய் கேளுங்கள். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் வாயில் தங்கிய ஆல்கஹாலே அளவைக் கூட்டிவிடும். அதைச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். கருவி தரும் முடிவுச் சீட்டில் தேதி, நேரம், கருவி எண் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்து.