அப்பாவின் ஆர்எக்ஸ் 100: கிராங்க் சீல் மாற்றத் தெரிந்தவர் வேண்டும்

வணக்கம். அப்பாவின் 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, பத்து ஆண்டுகளுக்குப் பின் மஞ்சக்குப்பம் வீட்டில் மீண்டும் உறுமுகிறது. வெறும் 98 சிசிதான். ஆனால் அந்த நீலப் புகையின் எண்ணெய் மணம், டேங்க் மேல் என்னை உட்காரவைத்து அவர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப்போன மாலைகளைத் திருப்பித் தருகிறது.

பாதி ஆக்சிலேட்டரில் வண்டி திணறுகிறது. கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக அதன் ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழிறக்கினேன். அப்படியும் பிளக் முனை வெளுத்தே இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்தால் வரும் அந்தப் பழுப்பு நிறம் வரவில்லை. ஐடிலிங்கில் வேகம் தானாக ஏறுகிறது. எங்கோ வெளிக்காற்று உள்ளே புகும் கசிவுதான்; கிராங்க் ஷாஃப்ட் ஓரத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் மீது சந்தேகம். இப்படியே ஓட்டினால் இன்ஜின் அதிகம் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

கடலூரிலோ புதுச்சேரியிலோ டூ-ஸ்ட்ரோக்கில் கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். அசல் சீல் கிடைக்கும் கடை தெரிந்தாலும் போதும்.