‘விளம்பரம் என்னை ஒன்றும் செய்யாது’: நிஜமாகவா?

கல்வெட்டு:
ஒரு சந்தேகம். டிவியும் விளம்பரமும் மனிதர்களை ஆட்டிப் படைக்கின்றன என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். ஆனால் கெட்டுப்போவது எப்போதும் அடுத்தவர்தான். சொல்கிறவர் மட்டும் எப்படியோ தப்பிவிடுகிறார். என் தம்பியும் நேற்று இதையேதான் சொன்னான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

1957-ல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஒரு குண்டைப் போட்டார். திரையரங்கில் படம் ஓடும்போது, கண்ணில் படாத வேகத்தில் ‘கோகோ கோலா குடியுங்கள், பாப்கார்ன் சாப்பிடுங்கள்’ என்று காட்டி விற்பனையை ஏற்றிவிட்டாராம். பெரிய பீதி கிளம்பியது. 1962-ல் அவரே, கையில் இருந்த தரவு எதற்கும் உதவாத அளவு சொற்பம் என்று ஒப்புக்கொண்டார். கதை மட்டும் இன்றும் சாகவில்லை. படங்களுக்கு மந்திர சக்தி உண்டு என்று சொல்லிக் காசு பார்ப்பவர்கள் விளம்பரம் விற்பவர்கள். நாம் ஏன் அவர்களுக்குச் சும்மா கொடி பிடிக்க வேண்டும்?

தூறல்:
விக்கரி புளுகியதால் எல்லாமே புளுகு ஆகிவிடுமா? உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1963-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைத் திரையில் பார்த்த சின்னக் குழந்தைகள், பிறகு அதேபோல் அந்தப் பொம்மையைப் போட்டு மொத்தினார்கள்.

அப்புறம் பிஜி, பசிபிக் கடலில் இருக்கும் தீவு நாடு. நட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. வாட்டசாட்டமான உடம்பை அழகென்று நினைத்த ஊர் அது. எடை குறைய வேண்டும் என்று தானாக வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-ல் கேட்டபோது பள்ளி மாணவிகளில் ஒருவரிடமும் இல்லை. 1998-ல் 11.3 விழுக்காடு. ஆய்வு செய்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர். மூன்றே வருடம், ஐயா.

கல்வெட்டு:
அந்தப் பொம்மை அடித்தால் சாய்ந்து திரும்ப நிமிர்வதற்கென்றே செய்தது. அதை அடிக்காமல் கொஞ்சவா செய்வார்கள்? பொம்மையை அடித்தவன் நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அடிப்பான் என்பது வேறு கணக்கு.

பிஜியில் ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர்தான், அதுவும் இரண்டு முறையும் வேறு வேறு மாணவிகள். அந்த மூன்று வருடத்தில் டிவி தவிர வேறெதுவும் அந்த ஊருக்குள் நுழையவில்லையா?

நாலாம்பக்கம்:
நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குப் பிஜியைவிடப் பிரேசில் பிடிக்கும். அங்கே குளோபோ தொலைக்காட்சியின் ஒளிபரப்பு எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போகவில்லை. ஒரு பகுதிக்கு முன்னால், இன்னொன்றுக்குப் பல வருடம் கழித்து. அந்த முன்பின்னை வைத்தே பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள் (2012-ல் வெளியானது). சிக்னல் போய்ச் சேர்ந்த பகுதிகளில் பெண்கள் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதில் ஓடிய தொடர் நாடகங்களின் நாயகிகளில் பெரும்பாலோருக்குக் குழந்தையே கிடையாது, இருந்தாலும் ஒன்று. யாரும் ‘குறைவாகப் பெறுங்கள்’ என்று பிரசங்கம் செய்யவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பாத்திரங்களின் பெயர்களை வைத்ததும் பதிவாகியிருக்கிறது. இதற்கு வேறென்ன காரணம் சொல்வீர்கள்?

கல்வெட்டு:
இது கொஞ்சம் பலமான அடிதான். ஆனால் அது நாடகம். மாதக்கணக்கில் கூடவே வாழ்கிற ஆட்கள். நான் கேட்டது முப்பது நொடி விளம்பரத்தை. அமெரிக்காவில் 288 பிராண்டுகளின் டிவி விளம்பரங்களை அலசிய ஆய்வு 2021-ல் வந்தது. விளம்பரத்தை இரண்டு மடங்காக்கினாலும் விற்பனை ஏறுவது பெரும்பாலும் 1, 2 விழுக்காடுதான். அவற்றில் மிகப் பெரும்பாலான பிராண்டுகளுக்குக் கூடுதலாகப் போட்ட விளம்பரக் காசு திரும்பவில்லை. இதுவா ஆட்டிப் படைக்கிற சக்தி?

வெறும்கை:
கல்வெட்டு அண்ணா, அப்போ கம்பெனிகள் எல்லாம் முட்டாள்களா? 😀

கல்வெட்டு:
போட்டியாளர் போடுகிறானே என்று போடுகிறார்கள். முட்டாள்தனம் இல்லை, பயம்.

சுண்டுவிரல்:
விளம்பரப் படங்களைத் திருத்துவதுதான் எனக்குப் பிழைப்பு, ஒன்பது வருடமாக. நீங்கள் அளப்பது தப்பான இடத்தை. விற்பனையை விடுங்கள்.

ஒரு முகம் என்னிடம் வந்தால் முதலில் கண்ணுக்குக் கீழே இருக்கும் கோடு போகும். முழுசாக எடுத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும், அதனால் பாதி. பிறகு தோலின் நுண்துளைகள். கழுத்து கொஞ்சம் நீளும். மேல்கையின் உள்பக்கம் ஒரு நூலளவு உள்ளே போகும். பார்ப்பவருக்கு எதுவும் செய்தது போலவே தெரியக்கூடாது. தெரிந்தால் படம் திரும்பி வரும். அந்த முகத்தை வைத்து விற்ற ஷாம்பூ ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முப்பத்தைந்து வயதில் கண்ணுக்குக் கீழே கோடு இருக்காது என்பது ஆயிரக்கணக்கானவர் மனதில் பதிந்துவிட்டது. அது எந்தக் கம்பெனியின் விற்பனைக் கணக்கில் வரும்?

பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்திய புகைப்படம்’ என்று போட வேண்டும். நூலளவு சங்கதிக்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

கல்வெட்டு:
அப்படிப் போட்டால் மட்டும் பார்ப்பவர் மனசு மாறுகிறதா? பொய் என்று தெரிந்தபின்னும் வேலை செய்யும் என்றால் அந்த வரி வீண். வேலை செய்யாது என்றால், மக்களுக்கு விவரம் இருக்கிறது என்ற என் கட்சி ஜெயிக்கிறது.

தூறல்:
வாதத் திறமைக்கு நூறு மார்க். ஓவியத்தை யாருமே தொடவில்லையே? 2003 பிப்ரவரியில், ஈராக் மீது போர் வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேச வந்தபோது, ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வெளியே தொங்கிய குவெர்னிகா திரைச்சீலையை நீலத் துணியால் மூடினார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியாக அமையவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. ஸ்பெயினின் குவெர்னிகா ஊர்மேல் விழுந்த குண்டுவீச்சை 1937-ல் பிக்காசோ வரைந்த ஓவியத்தின் நெசவுப் பிரதி அது. சக்தி இல்லாத படத்தை யாராவது மூடுவார்களா?

கல்வெட்டு:
மூடினார்கள், சரி. போர் நின்றதா? 1937-லிருந்து எத்தனை ஊர்மேல் குண்டு விழுந்தது? மூடியவர்கள் பயந்தார்கள் என்பதற்குத்தான் அது சான்று. திரும்பவும் பயம்.

சுண்டுவிரல் அண்ணா, உங்களிடம் ஒன்று. திருத்துவதே நீங்கள்தான். எது எங்கே பொய் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்களை அது ஒன்றும் செய்யாதுதானே?

சுண்டுவிரல்:
காலையில் ஷேவ் செய்யும்போது என் முகத்தில் எங்கெங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இடது கண்ணுக்குக் கீழே பாதி, தாடையில் ஒரு நூல். அக்கா மகள் கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள். முதல் பக்கத்திலேயே அவள் மேல்கையைத்தான் பார்த்தேன்.

கல்வெட்டு:
அது தொழில் வியாதி. கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நாலாம்பக்கம், அந்தப் பிரேசில் கட்டுரை இருந்தால் அனுப்புங்கள்.