இணைய டைரக்டரியில் தளத்தைச் சேர்த்து யாருக்காவது பலன் கிடைத்ததா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் பதிவு

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது ‘சப்மிட் செய்தவை’ என்ற எக்செல் கோப்பு கண்ணில் பட்டது. என் தளத்தை எந்தெந்த டைரக்டரிகளுக்கு (தளங்களைத் தலைப்புவாரியாகத் தொகுக்கும் இணையப் பட்டியல்கள்) அனுப்பினேன் என்ற குறிப்பு, 2005இல் தொடங்கியது. டைரக்டரி, கேட்டகரி, அனுப்பிய தேதி, நிலை என நான்கு பத்திகள். கடைசிப் பத்தியில் முக்கால்வாசி ‘காத்திருப்பு’தான்.

அப்போது தளம் தொடங்கினால் முதல் வேலையே இதுதான். யாஹூவே 1994இல் இரண்டு மாணவர்கள் கையால் தொகுத்த பட்டியலாகப் பிறந்ததுதானே. பின்னாளில் அதில் வணிகத் தளத்தைச் சேர்க்க ஆண்டுக்கு 299 டாலர். தன்னார்வலர்கள் தொகுத்த டிமாஸ் டைரக்டரி இலவசம். அதன் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்பதால், உள்ளே ஒருமுறை நுழைந்துவிட்டால் கூகுள் டைரக்டரி உட்பட ஏகப்பட்ட இடங்களில் நம் லிங்க் தானாக முளைக்கும்.

என்னுடையது பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துச் சுத்தம் செய்வது பற்றிய தளம். ஒளிப்படக் கலைக்குள் போடுவதா, சேகரிப்புக்குள் போடுவதா என்பதிலேயே ஒரு மாலை போனது. ‘கேமரா பழுதுநீக்கத்துக்கு இணையத்தின் தலைசிறந்த, முழுமையான வழிகாட்டி!’ என்று விளக்கம் எழுதி அனுப்பினேன். ஒன்பது மாதம் கழித்து ஒரு டைரக்டரியில் (பெயர் வேண்டாம்) சேர்ந்திருந்தது. விளக்கம் மட்டும் மாறியிருந்தது: ‘பழைய கேமராக்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் குறிப்புகள், படங்களுடன்.’ முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், என் தளத்தைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாக எழுதியதில்லை. இன்றும் முகப்புப் பக்கத்தில் அந்த வரிதான் இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போதும் இதற்கெல்லாம் நேரம் செலவழிக்கலாமா?

மறுமொழி 1

உங்களுக்கு வாய்த்தது படித்துப் பார்த்த எடிட்டர், சார். நான் போனது யாரும் படிக்காத இடங்களுக்கு.

2010இல் வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். பெயர், முகவரி, விளக்கம் எல்லாம் ஒருமுறை கொடுத்தால் போதும். அறுநூறு எழுநூறு டைரக்டரிகளில் அதுவே படிவத்தை நிரப்பும். கேப்ட்சா வந்தால் மட்டும் நான் தட்டவேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு நெளிந்து வளைந்த எழுத்துகளை உற்றுப்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்காகச் சொடுக்கும் சொற்கள்). வாடிக்கையாளர் எதில் முதலிடம் கேட்டாரோ அதே சொற்கள், ஓர் எழுத்துகூட மாறாமல். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கூகுள் தேடலில் ரேங்க் ஏறத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். 2012 ஏப்ரல் 24, செயற்கையான லிங்குகளைப் பிடிக்க கூகுள் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட் வந்தது. அந்த வாரமே தளம் முதல் பக்கத்திலிருந்து எங்கே போனதென்றே தெரியவில்லை.

லிங்கை எடுங்கள் என்று ஒவ்வொரு டைரக்டரிக்கும் மெயில் போட்டேன். பாதி முகவரிகள் செத்துப்போயிருந்தன. ஒருவர் பதில் போட்டார்: சேர்ப்பது இலவசம், நீக்குவதற்குக் கட்டணம். அக்டோபரில், ‘இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ வசதி வந்ததும், வரிக்கு ஒரு டொமைனாக டெக்ஸ்ட் கோப்பு தயாரித்து ஏற்றினேன். ஏற்றியதும் சரியாகிவிடாது, அந்தக் காலத்தில் அடுத்த பெங்குவின் வரும்வரை காத்திருக்கவேண்டும். 2014 அக்டோபரில் வந்ததற்கு அடுத்தது 2016 செப்டம்பரில்தான் வந்தது. வாடிக்கையாளர் அதற்கு வெகுமுன்பே வேறு ஆளிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

மறுமொழி 2

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். சில வருடம் டிமாஸில் தன்னார்வ எடிட்டர், ஒரு சின்னக் கேட்டகரிக்கு. (டைரக்டரி டாட் மொஸில்லா என்பதன் சுருக்கம்தான் டிமாஸ். பலருக்குத் தெரியாது.)

காத்திருக்கும் தளங்களின் வரிசையைத் திறந்தால் பத்தில் ஏழு குப்பை. மீதி மூன்றில் இரண்டு தவறான கேட்டகரியில் இருக்கும். தளத்தைத் திறந்து, நாலு பக்கம் படித்து, வேறெங்கும் கிடைக்காத விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, ‘தலைசிறந்த’, ‘நம்பர் ஒன்’ எல்லாவற்றையும் வெட்டி ஒரு வரி எழுதுவேன். சம்பளம் கிடையாது. ஒரு தளத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். பொறுமையிழந்து அதே தளத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் வேறு. ஒன்பது மாதம் ஏன் ஆனது என்று இப்போது புரிந்திருக்கும்.

நாங்கள் எழுதிய வரியைத் தேடுபொறிகள் முடிவுப் பக்கத்திலும் காட்டும். பிடிக்காதவர்கள் அதைத் தடுக்கவென்றே 2006இல் தனியாக ஒரு மெட்டா டேக் (பக்கத்தின் நிரலில் எழுதும் குறிப்பு) வந்தது. அவ்வளவு செல்வாக்கு! 2017 மார்ச்சில் டிமாஸை மூடியபோது 38 லட்சம் தளங்களுக்கு மேல் அதில் இருந்தன. அன்று ராத்திரி என் கேட்டகரியை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

மறுமொழி 3

ரேங்க் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நான் சைகை மொழிபெயர்ப்பாளர். எங்கள் தொழில் சங்கத்தின் உறுப்பினர் டைரக்டரியில் என் பெயர், மொழி, தொடர்பு எண், தள முகவரி இருக்கின்றன. லிங்க் நோஃபாலோதான் (தேடுபொறிகள் கணக்கில் எடுக்கவேண்டாம் என்ற குறியீடு உள்ளது), தேடலுக்கு உதவாது என்று தம்பி சொன்னான். ஆனால் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அங்கே பார்த்துத்தான் வருகிறார்கள். ஆள் தேடுகிறவர் முதலில் போகிற இடம் அது, அவ்வளவுதான்.

கெட்ட அனுபவமும் உண்டு. எப்போதோ ஒரு பொது டைரக்டரியில் எண்ணைக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து இன்னொன்று எடுத்திருக்கிறது, அதிலிருந்து வேறொன்று. நான் எண்ணை மாற்றினேன். பழைய எண் வேறொருவருக்குப் போய்விட்டது. பாவம் அந்த அம்மா, ‘நான் மொழிபெயர்ப்பாளர் இல்லைங்க’ என்று எத்தனை பேரிடம் சொன்னாரோ. கடைசியில் அவரே என் தளத்தைத் தேடிப் பிடித்து மெயில் போட்டார். ஒவ்வொன்றாகத் திருத்த மூன்று வாரம் ஆனது. இரண்டு டைரக்டரிகளில் லாகின் மறந்துபோய், அங்கே இன்னும் பழைய எண்தான்.

முதல் பதிவிட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மறுமொழி 3 படித்ததும் என் எக்செல்லில் இருந்த எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவை ‘டொமைன் விற்பனைக்கு’. சில உயிரோடு இருக்கின்றன, ஆனால் சூதாட்டத் தளமும் பல் மருத்துவரும் அடுத்தடுத்த வரியில். அங்கிருந்து என் லிங்கை எடுக்கச் சொல்லி மெனக்கெடப்போவதில்லை. இப்படிப்பட்டவற்றைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. கேமரா பைத்தியம் ஒருவர் கையால் பராமரிக்கும் லிங்க் பக்கம். அலங்காரமே இல்லை, சாம்பல் பின்னணி. பார்வையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் அனலிடிக்ஸ் ரெஃபரலில் தேடினால், போன மாதம் அங்கிருந்து என் தளத்துக்கு நான்கு பேர். நால்வரில் ஒருவர் ஷட்டர் சிக்கிக்கொண்டதைப் பற்றி நீளமாகக் கேள்வி கேட்டிருந்தவர். அவரோடு இரண்டு நாள் மெயிலில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் மூன்று லிங்குகள் உடைந்திருந்தன. எவை என்று எழுதி, சரியான முகவரிகளையும் தேடி அனுப்பியிருக்கிறேன்.

மறுமொழி 2 நண்பரே, டிமாஸின் வாரிசாக கர்லி இருக்கிறதே, அங்கே போனீர்களா? உங்கள் பழைய கேட்டகரிக்கு அங்கே எடிட்டர் யாராவது இருக்கிறார்களா?